காய்ச்சலோடு நடத்திய பாடங்கள்

கொஞ்சம் நீளமான பதிவுதான். ஒரு பீரியட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன்.

பணி நிறைவுப் பாராட்டு விழா எதற்குப் போனாலும் ஒரு வாக்கியம் கட்டாயம் காதில் விழும். "இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு போடாதவர்." உடனே கைதட்டல். என் விழாவிலும் ஒரு நண்பர் அன்பு மிகுதியில் அப்படித்தான் பேசினார். அது உண்மையல்ல. என் பணிப்பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். மஞ்சள் காமாலைக்காக மருத்துவச் சான்றின் பேரில் 28 நாள், கண் அறுவைக்காகப் பத்து நாள், மற்றபடி சளி காய்ச்சலுக்கு அவ்வப்போது எடுத்த சி.எல். எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. அதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

ஆனால் அந்தக் கைதட்டல் என்னை யோசிக்க வைத்தது. உடம்பு முடியாமல் வகுப்புக்குப் போவது எப்போது பெருமையானது? எப்போது அது வேறு வழியில்லாமல் செய்யும் காரியம்? சரித்திர வாத்தியாருக்குக் கேள்வி வந்தால் பழைய காலத்துக்குத்தானே போவார்? நானும் போனேன்.

முதலில் இத்தாலிக்குப் போவோம். பெர்னார்டினோ ராமசினி என்று ஒரு மருத்துவப் பேராசிரியர். 1633-இல் பிறந்தவர். மொதேனா என்ற ஊரில் இருந்தபோது தம் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி, மூச்சு வாங்க அவசர அவசரமாக வேலை செய்வதைப் பார்த்தார். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டார். இந்தக் குழிக்குள் அதிக நேரம் நின்றால் கண் போய்விடும் என்றாராம் அவர். அந்தப் பதில் ராமசினியை விடவில்லை. தச்சர், குயவர், சுரங்கத் தொழிலாளி, துணி வெளுப்பவர் என்று ஒவ்வொரு தொழிலாக எடுத்துக்கொண்டு, எந்த வேலை உடம்பின் எந்தப் பாகத்தைத் தின்கிறது என்று ஆராய்ந்தார். 1700-இல் அதைப் புத்தகமாக்கினார். நோயாளி வந்தால் "உன் தொழில் என்ன?" என்று கட்டாயம் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர்தான். தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? அந்தப் புத்தகத்தில் குரலை வைத்துப் பிழைப்பவர்களுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. படிப்பும் எழுத்துமாக உட்கார்ந்தே இருக்கும் அறிஞர்களுக்கும் ஒன்று உண்டு. சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்பவருக்கு வரும் நோயைப்போலவே, பேசிப் பேசிப் பிழைப்பவருக்கும் தொழில் வழியே நோய் வரும் என்று 300 வருஷத்துக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். வாத்தியார் வேலை "நிழலில் செய்யும் வேலை" என்று நம் ஊரில் இன்னும் சொல்கிறார்கள்!

ராமசினியின் முடிவைக் கேளுங்கள். 1700-இல் பதுவா பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதுமையில் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் பாடம் நடத்துவதை விடவில்லை. 1714 நவம்பர் 5-ஆம் தேதி, வகுப்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக் கசிவு போன்ற தாக்குதல் வந்து விழுந்தார். அன்றே காலமானார். வயது 81. ஊரார் வேலையால் படும் பாட்டையெல்லாம் எழுதியவர், தம் வேலைக்குக் கிளம்பும் நேரத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

இப்போது நம் பக்கம் வருவோம். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள். மாணவர்களிடம் காசு வாங்காமல், அவர்களுக்குச் சோறும் போட்டுப் பாடம் சொன்ன பெருமகன். திருவாவடுதுறையில் 1876 பிப்ரவரி 1-ஆம் தேதி காலமானபோது அவருக்கு அறுபது வயதுதான். அந்தக் கடைசி நாள்களை அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். படிக்கும் யாருக்கும் தொண்டை அடைக்கும். உடம்பு தளர்ந்து படுத்த பிறகும் மாணவர்கள் அவரைச் சுற்றியே இருக்கிறார்கள். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர் தாய்க்குச் செய்வதுபோல் பணிவிடை செய்கிறார். கடைசி இரவில் திருவாசகத்தை எடுத்து அடைக்கலப்பத்தைப் படிக்கச் சொல்கிறார் ஆசிரியர். படித்தவர் இருபத்தோரு வயதுகூட நிறையாத சாமிநாதையர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குருகுலத்தில் லீவு என்ற சொல்லே கிடையாது. ஆசிரியருக்கு முடியவில்லை என்றால் படுத்துக்கொண்டே பாடம் சொல்வார். முடிந்த அளவு சொல்வார். முடியாவிட்டால் மாணவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், அவரையும் பார்த்துக்கொள்வார்கள். அங்கே மணி கிடையாது, அறுபது பேர் வகுப்பு கிடையாது, மாதத் தேர்வுக்குள் போர்ஷன் முடிக்க வேண்டும் என்ற கெடுபிடி கிடையாது. மணி அடித்து நடக்கும் பள்ளிக்கூடம் வந்த பிறகு குருகுலத்தின் அந்த வசதியெல்லாம் போய்விட்டது. "குரு என்றால் உடம்பைப் பார்க்கக் கூடாது" என்ற எதிர்பார்ப்பை மட்டும் நாம் விடாமல் பிடித்துக்கொண்டோம்.

மணி அடித்து நடக்கும் பள்ளியிலும் நோயாளி ஆசிரியரை வைத்துக் காப்பாற்ற முடியும் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. அவர் பெயர் உங்கள் எல்லாருக்கும் தெரியும். லூயி பிரெய்ல். புள்ளி எழுத்தைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு மார்க் கேள்விக்கு எழுதியிருப்பீர்கள். அவர் ஆசிரியராக வேலை பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. பாரிஸில் தாம் படித்த பார்வையற்றோர் பள்ளியிலேயே சரித்திரம், கணிதம், இசை எல்லாம் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பழைய கட்டடம் ஈரம் கசியும் கட்டடம். இருபத்தைந்து வயதைத் தாண்டியதுமே காசநோய் பிடித்துக்கொண்டது. இருமினால் ரத்தம்.

பள்ளி அவரைத் துரத்திவிடவில்லை. பேசிப் பேசி நடத்த வேண்டிய பாடங்களைக் குறைத்து, தொண்டைக்கு அதிகச் சிரமம் தராத இசை வகுப்புகளைக் கொடுத்தார்கள். முடியாதபோது சொந்த ஊரான கூப்வ்ரேக்கு அனுப்பினார்கள். தேறியபின் திரும்பி வந்தார். இப்படி விட்டு விட்டு ஏறத்தாழ 15 வருஷம் ஓடியது. 1852 ஜனவரி 6-ஆம் தேதி, 43 வயதில் இறந்தார். பிரான்ஸ் அவருடைய எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-இல். காசநோய்க்கு மருந்தே இல்லாத அந்தக் காலத்தில், ஓய்வும் லேசான வேலையும் கிடைத்ததால்தான் ஒரு நல்ல ஆசிரியர் பிள்ளைகளுக்கு இத்தனை வருஷம் கிடைத்தார்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு கதை. என் வகுப்பில் இருந்த பெண் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சோஃபியா கோவலெவ்ஸ்கயா, ரஷ்யாவில் 1850-இல் பிறந்த கணித மேதை. அந்நாட்டில் பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. வெளிநாடு போய்ப் படிப்பதற்காகவே பெயரளவில் ஒரு கல்யாணம் செய்துகொண்டார். 1874-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கி என்ன? அதன்பின் ஏறத்தாழ பத்து வருஷம் எந்தப் பல்கலைக்கழகமும் வேலை தரவில்லை. கடைசியில் ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் இடம் கொடுத்தது. தொடக்கத்தில் சம்பளம்கூட இல்லை. பிறகு ஐந்து வருஷப் பதவி, 1889-இல் நிரந்தரப் பேராசிரியர். இடையில் 1888-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசு. அவர் கட்டுரையின் தரத்தைப் பார்த்துப் பரிசுத் தொகையையே 3,000 பிராங்கிலிருந்து 5,000 ஆக உயர்த்தினார்கள்.

1891 தொடக்கத்தில் விடுமுறை முடிந்து இத்தாலியிலிருந்து ஸ்டாக்ஹோம் திரும்புகிறார். கோபன்ஹேகனில் பெரியம்மை என்று கேள்விப்பட்டுச் சுற்று வழியில் வருகிறார். குளிரிலும் மழையிலும் பெட்டிகளைத் தாமே தூக்க வேண்டிய நிலை. வந்து சேரும்போதே உடம்பு சரியில்லை. இருந்தாலும் பிப்ரவரி 6-ஆம் தேதி வகுப்பு எடுத்தார். அன்று இரவு நடுக்கம் கண்டது. நிமோனியா. 10-ஆம் தேதி காலமானார். வயது 41. வீட்டில் 12 வயது மகள்.

அன்று வகுப்பு எடுக்காமல் படுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இல்லாத காலம் அது. என் மனசைப் பிடிப்பது வேறு விஷயம். பத்து வருஷம் வாசலிலேயே நிற்க வைக்கப்பட்டவருக்கு, உள்ளே விட்ட பிறகு "இன்று முடியவில்லை" என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கும்! இந்த வேலை எந்த நிமிஷமும் கையை விட்டுப் போகலாம் என்று இருப்பவர்தான் காய்ச்சலை மறைப்பார். இது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை.

இதுவரை சொன்னதெல்லாம் ஆசிரியரின் உடம்பைப் பற்றி. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் உடம்பு என்ன ஆகும்?

நான் தொடக்கப் பள்ளியில் படித்த காலத்தில் எங்களுக்கு ஒரு வாத்தியார் இருந்தார். தோளில் எப்போதும் ஒரு துண்டு. இருமல் வந்தால் அதை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவார். இருமி முடித்துத் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து வாய்ப்பாட்டைத் தொடருவார். ஊருக்கே தெரியும் அது என்ன நோய் என்று. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சம்பளம் மேனேஜர் கையில் இருந்த காலம் அது. வீட்டில் ஐந்து பிள்ளைகள். விஷயம் வெளியே வந்தால் வேலை போகும், வேலை போனால் அடுப்பு எரியாது. அவரும் என்ன செய்வார்? கடைசிவரை ஜன்னல் பக்கம் போய் இருமியதுதான் அவர் எங்களுக்காகச் செய்ய முடிந்த பாதுகாப்பு.

அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம். சென்னையில் மின்சார ரயிலில் போகும் பிள்ளைகள் "தாம்பரம் சானடோரியம்" என்ற ஸ்டேஷன் பெயரைத் தினமும் கேட்கிறீர்கள். 1928-இல் டாக்டர் சவுரி முத்து என்பவர் தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் அந்தப் பெயருக்குக் காரணம். அவர் அதற்கு முன் இங்கிலாந்தில் நடத்திய சானடோரியத்தில்தான் நம் கணித மேதை ராமானுஜன் சில காலம் சிகிச்சைக்கு இருந்தார். சானடோரியம் என்றால் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் வீட்டை விட்டு இருக்க வேண்டும். ஒரு வாத்தியார் வருஷக்கணக்கில் எங்கே போவார்? அதனால்தான் பலர் மறைத்தார்கள்.

இந்த நிலைமையை மாற்றியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்று தொடங்கினார்கள். சென்னை அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்த முயற்சி. சுமார் 190 ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. இன்னொரு பிரிவு வீட்டில் இருந்துகொண்டே அதே மாத்திரைகளைச் சாப்பிட்டது. ஒரு வருஷம் பார்த்தார்கள். நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு, எல்லாம் இருந்தும் வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை. 1959-இல் முடிவுகள் வெளிவந்தன. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை மாறியது. எங்கள் வாத்தியாரைப் போன்றவர்கள் வேலையை இழக்காமலே குணமாகலாம் என்ற கதவு நம் ஊரிலிருந்துதான் திறந்தது. அந்தச் செய்தி எங்கள் கிராமத்துக்கு வந்து சேரத்தான் நாளாயிற்று.

இந்தப் பேச்சை எடுத்தால் உடனே யாராவது "கலாம் ஐயா மேடையிலேயே உயிர் விட்டாரே" என்பார்கள். ஆமாம். 2015 ஜூலை 27, ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசத் தொடங்கிய சில நிமிஷத்தில் சரிந்தார். வயது 83. கற்பிப்பதையே விரும்பிய ஒருவருக்கு அப்படி ஒரு முடிவு வாய்த்தது. கைகூப்பி வணங்குவோம். ஆனால் அவர் தாமே விரும்பி அந்த மேடைக்குப் போனார். போகாவிட்டால் சம்பளம் பிடிப்பேன் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ராமசினியும் அப்படித்தான். அவர்களைக் காட்டி, காய்ச்சலில் கிடக்கும் இருபத்தைந்து வயது ஆசிரியையை வேலைக்கு வா என்பது நியாயமில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. "சார், 102 டிகிரி காய்ச்சல். அஞ்சு பீரியட் நின்னு எடுத்துட்டு வந்தேன். லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போகும். மாசக் கடைசியில லீவே போடாதவங்களுக்குக் குடுக்குற ஐந்நூறும் போகும். உங்களை நெனைச்சுக்கிட்டுத்தான் சார் நின்னேன்" என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குச் சந்தோஷம் தரவில்லை. நான் நின்றபோது என் பின்னால் அரசு விடுப்பு விதிகள் நின்றன. அவள் பின்னால் யார் நிற்கிறார்கள்?

நோய்க்கால ஊதியம் என்பது யாரும் போட்ட பிச்சை அல்ல. அதற்கும் சரித்திரம் உண்டு. 1883-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம், தொழிலாளி படுத்தால் மூன்றாம் நாளிலிருந்து பாதிச் சம்பளம், 13 வாரம் வரை என்றது. பிஸ்மார்க் ஒன்றும் பரம சாது அல்ல. தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் போய்விடக் கூடாது என்ற கணக்கு அவருக்கு இருந்தது. கணக்கு எதுவானாலும் பலன் நிலைத்தது. நம் நாட்டில் 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. பிறகு தமிழ்நாடு உள்படப் பல மாநிலங்களில் தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் அதை விரிவுபடுத்தினார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், நோயில் படுக்கும்போது சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். தனியார் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

லேசான உபாதை என்றால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. 1988-89 பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எனக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. காய்ச்சல் இல்லை, குரல் மட்டும் இல்லை. வீட்டில் பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பாலைக் குடித்துவிட்டு வந்தேன். பாடம் வாஸ்கோடகாமா. பலகையில் ஆப்பிரிக்காவையும் இந்தியாவையும் வரைந்து, ஒரு பையனைப் புத்தகம் வாசிக்கச் சொல்லி, நான் பிரம்பால் வழியை மட்டும் காட்டினேன். என் குரல் இறங்கியதும் அறுபது பேர் குரலும் தானாக இறங்கிவிட்டது. அன்று போல் அமைதியான வகுப்பை நான் பார்த்ததில்லை. குரல் போனால் ஒரு நாள் இப்படி ஓட்டலாம். ஆனால் காய்ச்சல், மஞ்சள் காமாலை, அம்மை என்றால் இந்த வித்தையெல்லாம் காட்டக் கூடாது. வீட்டில் படுக்க வேண்டும்.

அந்த வாஸ்கோடகாமா பாடத்திலேயே ஒரு செய்தி உண்டு. வரும்போது அரபிக்கடலை 23 நாளில் கடந்தவர்கள், திரும்பும்போது காற்று எதிர்த்ததால் ஏறத்தாழ மூன்று மாதம் தத்தளித்தார்கள். ஸ்கர்வி நோயில் சுமார் முப்பது பேர் செத்தார்கள். மிச்சம் இருந்தவர்களிலும் எழுந்து நின்று பாய் இழுக்கச் சிலரால்தான் முடிந்தது. 1499 ஜனவரியில் கரையை எட்டியதும் காமா என்ன செய்தார் தெரியுமா? மூன்று கப்பலை ஓட்ட ஆள் போதாது என்று சான் ரஃபேல் என்ற கப்பலை எரித்துவிட்டு, ஆட்களை மற்ற இரண்டில் பங்கிட்டார். காமா இரக்கமுள்ளவர் என்று நான் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. அப்பேர்ப்பட்டவருக்கே தெரிந்திருந்தது, படுத்தவனை வைத்துக் கப்பலை ஓட்ட முடியாது என்று.

இன்று தலைமை ஆசிரியராகவும் தாளாளராகவும் இருக்கும் என் மாணவர்களுக்கு மூன்று வேண்டுகோள். வகுப்பறையில் ஆசிரியருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். யாராவது வராவிட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கையில் வைத்துக்கொண்டே கால அட்டவணை போடுங்கள். விழா மேடையில் "ஒரு நாள்கூட லீவு போடாதவர்" என்று பாராட்டுவதை விட்டுவிட்டு, அவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று பாராட்டுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் உறவினர்களுக்கு ஒன்று. டீச்சர் இரண்டு நாள் வரவில்லை என்றால் குறை சொல்வதற்கு முன் "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மணி அடித்துவிட்டது. இதைக் காய்ச்சலோடு படித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால், போனை வைத்துவிட்டுக் கஞ்சி குடித்துப் படுங்கள். பாடம் எங்கும் ஓடிவிடாது.

எல்லாரும் நலமுடன் இருக்க வாழ்த்துகள்.